குதிரை ஏறாத மேட்டில் குதிரைச் சண்டை

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வரலாற்றில் ஆசை வந்தது பாடப்புத்தகத்தால் இல்லை, ஒரு கேமால். 'மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட்'. துருக்கியின் அங்காராவில் இருக்கும் டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2010ல் வெளியிட்டது. பழசுதான். ஆனா எங்க வீடுகளில் இருந்த கம்பியூட்டர்களில் திக்காமல் ஓடியது அதுதான். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாசங்களில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு நண்பன் வீட்டு முன்னறையில் முறை வைத்து விளையாடினோம்.

விளையாடின எல்லாரும் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே கண்டுபிடிச்சிடுவாங்க. குதிரை கிடைச்சா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு குதிரையை முழு வேகத்தில் விட்டால், எதிரே நிற்கிறவன் எவ்வளவு பெரிய கவசம் போட்டிருந்தாலும் ஒரே இடிதான். கஷ்டமா வேணும்னா செட்டிங்கில் எதிரியின் ஏஐயைக் கூட்டலாம். கூட்டினால் அவன் இன்னும் சரியா வெட்டைத் தடுப்பான், இன்னும் சீக்கிரம் திருப்பி அடிப்பான். ஆனாலும் திறந்த வெளிக்கு வந்து நிற்பான். அங்கேதான் எங்களுக்குள் சண்டை. "ஏஐ மொக்கை, அதான் குதிரை ஜெயிக்குது" என்றது ஒரு கட்சி. "இல்லடா, அந்தக் காலத்துல குதிரை அப்படித்தான் ஜெயிச்சிச்சு, இதுதான் ரியலிசம்" என்றது மறு கட்சி. தினமும் கன்னொருவயிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் தோழி ஒருத்தி சொன்னாள்: "அந்தக் குதிரையை எங்க ஊர் மேட்டுல ஏத்திக் காட்டுங்க, அப்புறம் ரியலிசம் பேசலாம்."

அவள் வாயடைக்கச் சொன்னதுதான். ஆனா அந்த மேட்டில் என்ன நடந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் குதிரை. எங்கள் பக்கத்து மண்ணுக்கு அது சொந்த மிருகம் இல்லை. தமிழ்நாட்டிலேயே பாண்டியர்கள் கடல்வழியாக வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள், வந்தவை நிலைக்கவில்லை, சரியாகப் பராமரிக்கத் தெரியவில்லை என்று 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் குதிரை வாங்கப் பணம் கொடுத்தனுப்புவதும், நரி பரியாவதும் சும்மா வந்ததில்லை. குதிரை என்றால் அரசனின் கஜானாவே காலியாகும் விலை. இலங்கையில் அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் இருவரையும் மகாவம்சம் குதிரை வணிகனின் மகன்கள் என்கிறது. 1660லிருந்து 19 ஆண்டுகள் கண்டி ராஜ்ஜியத்தில் கைதியாக இருந்த ராபர்ட் நொக்ஸ், நாட்டின் மிருகங்களை வரிசைப்படுத்தும்போது, இங்கே இல்லாதவற்றின் பட்டியலில் குதிரையைச் சேர்க்கிறார்.

இப்போ கன்னொருவ. பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலிக்கு அந்தப் பக்கம். 1638 மார்ச் 28. கதை ஒரு யானையிலும் இரண்டு குதிரையிலும் தொடங்கியதாகச் சொல்வார்கள். இரண்டாம் ராஜசிங்கன் ஒரு போர்த்துக்கேய வியாபாரிக்கு யானை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தான். போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மெலோ அதைப் பறித்துக்கொண்டான். கண்டியில் விற்க மெலோ அனுப்பிய இரண்டு குதிரைகளை ராஜா பிடித்து வைத்துக்கொண்டு, யானையைக் கொடு, குதிரையைத் தாரேன் என்றான். மெலோ படையோடு வந்தான்.

வந்தால் கண்டி காலி. ராஜாவும் இல்லை, சனமும் இல்லை. ஊரைக் கொளுத்திவிட்டுத் திரும்பினார்கள். திரும்பும் வழியில் கன்னொருவயில் மரங்களை வெட்டிச் சாய்த்துப் பாதை அடைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி. சமாதானம் கேட்டும் பதில் இல்லை. போர்த்துக்கேயரோடு வந்த லஸ்கரின்கள், அதாவது உள்ளூர்ப் படைவீரர்கள், கைவிட்டுப் போனார்கள். மெலோ செத்தான். போர்த்துக்கேயச் சிப்பாய்களில் 33 பேர்தான் உயிரோடு பிடிபட்டதாகச் சொல்லப்படுகிறது.

இது ஒரு தடவை நடந்த அதிர்ஷ்டம் இல்லை. 1594ல் பெத்ரோ லோபெஸ் டி சூசா கண்டியைப் பிடித்தான். அவனோடு வந்த உள்ளூர்த் தலைவன் ஜயவீர பண்டாரவைத் துரோகி என்று சந்தேகித்துப் போர்த்துக்கேயரே கொன்றதும் லஸ்கரின்கள் பிரிந்தார்கள். சாப்பாடு தேடப் போனவர்கள் திரும்பவில்லை. பின்வாங்கும்போது தந்துரேயில் படை முழுக்க அழிந்தது. 1765ல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள், மாளிகையைக் கொள்ளையடித்தார்கள், மழையும் நோயும் துரத்த இறங்கினார்கள். 1803ல் பிரிட்டிஷ்காரர் வந்தபோதும் கண்டி காலியாகவே இருந்தது. முத்துசாமியை ராஜாவாக உட்காரவைத்துவிட்டுப் பெரும்படை கொழும்புக்குத் திரும்பியது. மிச்சமிருந்தவர்களைக் காய்ச்சல் தின்றது. ஜூன் 24ல் மேஜர் டேவி சரணடைந்தான். வட்டபுளுவையில் மகாவலி பெருகி ஓடியதால் கடக்க முடியவில்லை. முத்துசாமியை ஒப்படைக்கச் சொன்னார்கள், டேவி ஒப்படைத்தான். முத்துசாமியும் கொல்லப்பட்டான், அந்தச் சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள், ஊரில் படுத்திருந்த நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். இதைப் பெருமையாகச் சொல்ல எங்களால் முடியவில்லை. ஆனா நடந்தது இதுதான்.

நாலு தடவையும் ஒரே மாதிரி. ஊருக்குள் விடுவது, பட்டினி போடுவது, மழைக்குக் காத்திருப்பது, திரும்பும்போது வழியை மூடுவது. நொக்ஸ் இதற்கான ஏற்பாட்டையும் எழுதியிருக்கிறார்: ஒருவர் பின் ஒருவராகத்தான் போகக்கூடிய ஒற்றையடிப் பாதை, கணவாய்களில் முள் வாசல், காவல், களிமண்ணில் பதித்த முத்திரை இல்லாமல் கடக்க முடியாத கட்டுப்பாடு.

இப்போ கேமுக்கு வருவோம். வார்பேண்டில் கண்டிக்குக் கிட்ட வரும் ஒரு நாடு உண்டு: ரோடொக். மலைக்காரர்கள். குதிரைப்படை கிடையாது. நீள ஈட்டி, பெரிய கேடயம், வில்பொறி. ஓடிவரும் குதிரையை ஈட்டியால் குத்தினால் அது முன்னங்காலைத் தூக்கி நின்றுவிடும். செங்குத்தான சரிவில் குதிரை தடுமாறும். இதெல்லாம் செய்தவர்களைப் பாராட்டணும். ஆனா அந்த ரோடொக்கும் சண்டை தொடங்கினால் வரிசை கட்டி முன்னால் வந்து நிற்பான். பசி உண்டு, மனம் தளர்ந்து ஓடிப்போகும் ஆட்களும் உண்டு. ஆனா சண்டை நடுவில் உங்கள் ஆட்களே மறுபக்கம் போய் உங்களைச் சுட மாட்டார்கள். தன் தலைநகரைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு ஜூன் மாத மழைக்காகக் காத்திருக்கிற எதிரியை நாங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

எங்கள் சண்டையில் ரெண்டு கட்சியும் தப்பு என்று இப்போ படுகிறது. ஏஐயின் கெட்டித்தனத்தை வாளின் வேகத்தில் அளந்தோம். ரியலிசத்தைக் குதிரையின் இடியில் அளந்தோம். கண்டியில் கெட்டித்தனம் என்பது எங்கே சண்டை போடக்கூடாது என்று தெரிவது. அதைத் தீர்மானித்தவர்களில் பாதிப்பேர் லஸ்கரின்கள், அரிசி சுமந்தவர்கள், வழிகாட்டிகள். குதிரை மேல் உட்கார்ந்தால் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

அந்த மலை எப்படி விழுந்தது? 1815ல் பெரிய சண்டையே இல்லை. எஹெலபொல போன்ற பிரதானிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுதான் பிரிட்டிஷ்காரன் உள்ளே வந்தான். மதுரை நாயக்கர் வழிவந்த கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832ல் செத்தான். பிறகு மேப்பையே மாற்றினார்கள். 1820களில் கடுகண்ணாவை மலையைக் குடைந்து கொழும்பு ரோடு வந்தது. ரோடு போட்ட கப்டன் டோசனுக்கு அங்கே கோபுரம் நிற்கிறது. ராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லாமல் மண் வெட்டியவர்களுக்கு எதுவும் நிற்கவில்லை. 1832ல் கொழும்பிலிருந்து கண்டிக்குக் குதிரைத் தபால் வண்டி ஓடியது. கடைசியில் குதிரை மேடேறிவிட்டது.

ரோட்டைத் தொடர்ந்து கோப்பித் தோட்டங்கள். தோட்டத்துக்கு எங்கள் ஆட்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். இங்கே வந்தபின் குதிரையில் போனவர் துரை. எங்கள் பாட்டன் பூட்டன்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அப்படி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாங்கள், கேம் தொடங்கியதும் யோசிக்காமல் குதிரையில் ஏறிக்கொள்கிறோம்.

அதற்காகக் கேமை விடச் சொல்லவில்லை. நாங்களும் விடவில்லை. போன மாசம் ஒரு விதி போட்டோம்: ரோடொக் பக்கம், குதிரை இல்லை, நடந்தே விளையாடணும். முதல் நாளே எல்லாரும் செத்தோம். ரெண்டாம் நாள் ஒரு சரிவில் ஏறி நின்றோம், கீழேயிருந்து வந்த குதிரைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கன்னொருவத் தோழி அன்று கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

அடுத்த தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, பாலத்தைத் தாண்டியதும் மேலே பாருங்க. நீங்களும் ரோடொக்கா ஆடிப் பார்த்தவங்கன்னா, எப்படிப் போச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க.