பொம்பளைச் சீக்கு: ஒரு பெயரின் அரசியல்

காமயகவுண்டன்பட்டியானாலும் சென்னையானாலும் பால்வினை நோய்க்குப் பேச்சுவழக்கில் ஒரு பெயர் உண்டு: பொம்பளைச் சீக்கு. ஆணுக்கு வந்தாலும் அது பொம்பளைச் சீக்குதான். யார் குற்றவாளி என்கிற தீர்ப்பைப் பெயரே எழுதிவிடுகிறது.

இந்நோய்களில் ஒன்றான சிபிலிஸ் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பரவியபோது, இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். நம்மவர்கள் பறங்கிப்புண் என்றார்கள். நோய் எப்போதும் மற்றவனுடையது. ஊருக்குள்ளேயே மற்றவரைத் தேடும்போது பெண் அகப்படுகிறாள்.

காலனிய அரசு இந்தத் தேடலைச் சட்டமாக்கியது. படைவீரர்களின் உடல்நலத்தைக் காரணம் காட்டி 1868இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் கட்டாயப்படுத்தியது. நோய் கண்டவர்களை ‘லாக் ஆஸ்பத்திரி’களில் அடைத்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களுக்கு இச்சட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. 1888இல் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தபோது, இரத்தம் எடுக்கப்பட்ட பெண்களில் பலர் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்கள். அவர்களுக்குத் தொற்றைக் கொடுத்த ஆண்கள் வெளியில் இருந்தார்கள்.

கிருமிக்கு ஆண், பெண் பேதமில்லை. சிபிலிஸின் முதல் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சில வாரங்களில் தானே ஆறிவிடும். ‘சரியாப் போச்சு’ என்று நம்புகிறவனின் உடம்பில் கிருமி தங்கிவிடுகிறது. அவனிடமிருந்து மனைவிக்கும், அவளிடமிருந்து கர்ப்பத்திலுள்ள சிசுவுக்கும் போகிறது. 1943லிருந்து பென்சிலின் இதைக் குணப்படுத்தி வருகிறது. ஆனால் ஒருவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் மற்றவரிடமிருந்து மறுபடி தொற்றும். இருவருக்கும் சிகிச்சை வேண்டும். ஆணுறை தொற்றும் வாய்ப்பைப் பெருமளவு குறைக்கும். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தால் சிசுவைக் காப்பாற்றலாம்.

இவ்வளவு எளிய மருத்துவத்தை அந்தப் பெயர் வழிமறிக்கிறது. ஏலக்காட்டு வேலைக்கு ஜீப்பில் போய்வரும் பெண், ‘எங்க வாங்கிட்டு வந்தா?’ என்று ஊர் கேட்குமே என்று ஆஸ்பத்திரிப் படி ஏறப் பயப்படுவாள். தனக்கு வந்தது அவள் சீக்கு என்று நினைக்கிற புருஷன் கூடவே போக மாட்டான். தடுப்பு பற்றிப் பேசுகிற நாம் முதலில் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்த வேண்டும். பிறகு, ‘அவன் டெஸ்ட் எடுத்தானா?’ என்று கேட்கப் பழக வேண்டும்.