கேள்வி கேட்காத கட்டளை

கணினியில் ஒரு கோப்பை அழிக்க எத்தனை எழுத்து வேணும்? இரண்டே இரண்டு: ஆர், எம். 'ரிமூவ்' என்ற சொல்லின் சுருக்கம் அது. ஒரு இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரை எழுதி என்டரைத் தட்டினால் சரி. "உண்மையாவே அழிக்கட்டா?" என்று அது வழமையில் கேட்பதில்லை. முடித்தபிறகு "அழிச்சாச்சு" என்று சொல்வதும் இல்லை. போனிலும் லப்டொப்பிலும் நாங்கள் பழகின குப்பைத்தொட்டியும், அதுக்குள் கையை விட்டுத் திருப்பி எடுக்கிற வசதியும் அங்கே கிடையாது.

இந்தக் கட்டளைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் பழைய சாமான் என்று ஒதுக்க ஏலாது. நாங்கள் காசு அனுப்புகிற அப், படம் பார்க்கிற சேவை, பரீட்சை முடிவு தேடுகிற தளம் என்று எல்லாத்துக்கும் பின்னால் எங்கோ ஒரு கட்டடத்தில் சேர்வர்கள் ஓடுகின்றன. அவற்றைப் பராமரிக்கிற ஆக்கள் பெரும்பாலும் அவற்றுக்கு முன்னால் இருப்பதில்லை. வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருந்துகொண்டு, கறுப்புத் திரையில் கட்டளைகளை ரைப் பண்ணித்தான் கோப்புகளைப் பார்க்கிறார்கள், நகர்த்துகிறார்கள், அழிக்கிறார்கள். எங்கள் வயதுக்காரர் பலரும் இந்த வேலைக்குத்தான் போகிறார்கள். வெளிநாட்டுக் கொம்பனிகளுக்காக இஞ்ச இருந்தே இரவிரவாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கலைப்பீடத்து ஆக்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கல்வெட்டை வாசிக்கிறபோது அதை யார், யாருக்காக, எந்த நிலைமையில் வெட்டினார்கள் என்று கேட்கப் பழகியிருக்கிறோம். கட்டளையும் அப்படி வாசிக்கக்கூடிய ஒரு ஆவணம்தான். அப்படி வாசித்தால் எங்களுக்குத் தெரிவது இதுதான்: இந்தக் கட்டளைகள் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்த ஒரு சின்னக் கூட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. பிறகு கைக்கும் கோப்புக்கும் இடையில் கடல்களே வந்துவிட்டன. கட்டளையின் பழக்கம் மட்டும் மாறவில்லை.

செக்கனுக்குப் பத்து எழுத்து

1969. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் மரே ஹில் என்ற இடத்திலிருந்த பெல் ஆய்வுகூடம், 'மல்டிக்ஸ்' என்ற பெரிய திட்டத்திலிருந்து அந்த வருசம்தான் விலகியிருந்தது. அதில் வேலை செய்த கென் தொம்சன், அதிகம் பாவிக்கப்படாமல் கிடந்த ஒரு சின்னக் கணினியில் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். டெனிஸ் ரிச்சியும் வேறு சிலரும் சேர்ந்தார்கள். அதுதான் யுனிக்ஸ். அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்று திகதியிடப்பட்டது. கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ், பிரதி எடுக்க சிபி, நகர்த்த எம்வி, அழிக்க ஆர்எம் என்று இன்று சேர்வர் நிர்வாகிகள் பாவிக்கிற கட்டளைகள் பல அந்தக் கையேட்டிலேயே இருக்கின்றன.

ஏன் இவ்வளவு சுருக்கம்? அந்தக் காலத்தில் அவர்களுக்கு முன்னால் திரை இருக்கவில்லை. ரெலிரைப் என்ற இயந்திரம் இருந்தது. விசைகளை அழுத்தி அடிக்கவேணும். பதிலைக் கடதாசிச் சுருளில் தடதடவென்று அச்சடித்துத் தரும், அதுவும் செக்கனுக்குப் பத்து எழுத்து வேகத்தில். அப்படிப்பட்ட இயந்திரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் விரலும் வலிக்கும், நேரமும் போகும். ஆறெழுத்து 'ரிமூவ்' இரண்டெழுத்தானது அப்படித்தான். வேலை சரியாக முடிந்தால் ஒண்டும் பேசாமல் இருப்பது என்ற யுனிக்ஸ் பழக்கமும் அந்தக் கடதாசிச் சுருளுக்கு நல்லாப் பொருந்தியது.

கேட்காமல் அழிப்பதும் அப்படியே. பாவித்தவர்கள் கணினி தெரிந்தவர்கள். பலர் ஒரே கட்டடத்துக்குள் இருந்தவர்கள். பிழை விட்டால் அடுத்த அறைக்குப் போய்க் கதைக்கலாம்.

ஆனால் அதே முதல் கையேட்டில் 'டிஎஸ்டபிள்யூ' என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. அது ஒரு கோப்புறையில் உள்ள கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அச்சடித்துவிட்டுக் காத்திருக்கும். ஒய் என்று அடித்தால் அந்தக் கோப்பை அழிக்கும். எக்ஸ் அடித்தால் வெளியேறும். வேறு எதை அடித்தாலும் அந்தக் கோப்பை விட்டுவிடும். அதாவது "கேட்டுவிட்டு அழி" என்ற யோசனை முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. பின்னாட்களில் அது ஆர்எம் கட்டளைக்குள்ளேயே ஒரு தெரிவாகச் சேர்ந்தது. தெரிவு என்றால், வேணுமென்றவர் தானாகப் போட்டுக்கொள்ள வேணும். போடாதவருக்குக் கேள்வி இல்லை. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. பழக்கம் அப்படி விழுந்து, அப்படியே தங்கிவிட்டது.

அறையின் நம்பிக்கை வலையமைப்புக்குப் போனது

அதே 1971 இல் இன்னொரு பக்கத்தில் தூரம் தொடங்குகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுகூடங்களையும் இணைத்த ஆர்பாநெட் வலையமைப்பில், ஒரு கணினியின் கோப்பை இன்னொன்றுக்கு அனுப்ப ஒரு பொது முறை தேவைப்பட்டது. 1971 ஏப்ரலில் எஃப்டிபி என்ற அந்த முறையின் முதல் வரைவை எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் தொகுதியில் படித்து வெளியேறி, எம்ஐடிக்குப் படிக்கப் போனவர்.

1983 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யுனிக்ஸ் வடிவத்தில் ஆர்எஸ்எச், ஆர்சிபி என்ற கட்டளைகள் இருந்தன. ஆர் என்றால் ரிமோட், தொலைவு. சிபி தன் கணினிக்குள் பிரதி எடுக்கும். ஆர்சிபி கணினிக்குக் கணினி எடுக்கும். இவற்றில் ஒரு வசதி இருந்தது: "இந்தக் கணினியிலிருந்து வருகிற இந்த ஆளை நம்பு" என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், அவருக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. அறைக்குள் இருந்த நம்பிக்கையை அப்படியே தூக்கி வலையமைப்பில் வைத்த மாதிரி.

1988 நவம்பரில் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபேட் மொரிஸ் அவிழ்த்துவிட்ட புழு நிரல், கணினியிலிருந்து கணினிக்குப் பரவப் பாவித்த வழிகளில் இந்த நம்பிக்கைப் பட்டியலும் ஒன்று. டெல்நெட், எஃப்டிபி ஆகியவற்றின் நிலைமையும் நல்லதில்லை. அவற்றில் கடவுச்சொல் தபால் அட்டையில் எழுதின மாதிரித் திறந்தபடி போகும். வழியில் காது வைத்திருக்கிற எவரும் வாசிக்கலாம்.

1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ அப்படித்தான் காது வைத்துக் கடவுச்சொற்களைத் திரட்டினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து இலோனென் அதற்குப் பதிலாக எஸ்எஸ்எச் என்ற நிரலை எழுதி, அந்த வருசம் ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். இணையத்தில் எஃப்டிபிக்கு வாசல் இலக்கம் 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் வெறுமையாக இருந்த 22 ஐக் கேட்டு வாங்கினார். ஆர்எஸ்எச் போய் எஸ்எஸ்எச் வந்தது, ஆர்சிபி போய் எஸ்சிபி வந்தது. ஆரை எடுத்துவிட்டு எஸ், அதாவது செக்கியூர், பாதுகாப்பு. அந்த ஒரு எழுத்து மாற்றத்துக்குள் கிட்டத்தட்டப் பன்னிரண்டு வருசத்து அனுபவம் இருக்கிறது.

அடுத்த வருசம், 1996 இல், அவுஸ்திரேலியாவின் கன்பராவில் அன்ட்ரூ ட்ரிஜலும் போல் மக்கெரஸும் ஆர்சிங்க் என்ற நிரலை வெளியிட்டார்கள். மெதுவான இணைப்பில் ஒரு பெரிய கோப்பை முழுசாகத் திரும்பத் திரும்ப அனுப்புவது வீண். அதனால் பெறுகிற கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு அடையாள எண்ணைக் கணித்து அனுப்பும். அனுப்புகிற கணினி அந்த எண்களை வைத்து எது மாறியிருக்கிறது என்று பார்த்து, மாறினதை மட்டும் அனுப்பும். டேட்டா காட் போட்டு வாழ்கிற எங்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஆனால் இதுவும் கேள்வி கேட்காத குடும்பம்தான். "மூலத்தில் இல்லாததைப் போய்ச்சேரும் இடத்திலும் அழி" என்று ஒரு தெரிவு அதில் உண்டு. அதைப் போட்டுவிட்டு, மூலம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெறும் கோப்புறையைக் கொடுத்தால், மற்றப் பக்கம் முழுக்க வெறுமையாகும்.

தூரத்தின் இன்னொரு கஷ்டம், லைன் அறுவது. தொலைபேசி வழியாகக் கணினியில் வேலை செய்த காலத்தில் இணைப்பு அறுந்தால், அந்த ஆள் ஓடவிட்ட வேலைகளுக்கு 'ஹாங்அப்' என்ற சைகை போகும். "போனை வைத்துவிட்டார்" என்று பொருள். சாதாரணமாக வேலை அத்தோடு நிற்கும். இன்றைக்கும் அதே பெயரில் அதே சைகை இருக்கிறது. இதைச் சமாளிக்க 1987 இல் பேர்ளின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 'ஸ்கிரீன்' என்ற நிரல் உருவானது. நீங்கள் போனாலும் சேர்வரில் உங்கள் வேலை ஓடிக்கொண்டிருக்கும், திரும்பி வந்து விட்ட இடத்தில் பிடிக்கலாம். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் வீட்டிலிருந்து சேர்வர் வேலை செய்தவர்களுக்கு இந்த மாதிரி நிரல்கள் எவ்வளவு பெரிய துணை என்று யோசித்துப் பாருங்கோ.

இரண்டு அழிவுகள்

1998. பிக்சார் நிறுவனத்தில் 'டோய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. படத்தின் கோப்புகள் இருந்த கணினியில் யாரோ ஆர்எம் கட்டளையைக் கோப்புறைகளுக்குள் புகுந்து எல்லாத்தையும் அழிக்கிற தெரிவோடு ஓடவிட்டார்கள். தொழில்நுட்பக் குழுவிலிருந்த ஒரன் ஜேக்கப்பும் கூட இருந்தவர்களும் கோப்புறையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கோப்புகள் கண்முன்னே குறைந்துகொண்டே போயின. கணினி இருந்த அறைக்குப் போன் எடுத்து "பிளக்கைக் கழட்டுங்கோ" என்று சொன்னார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பக்அப்பைப் பார்த்தால் அதுவும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினி. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு பிரதி அங்கே இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையால் சுற்றிக் காரில் வைத்து ஆறுதலாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

2017 ஜனவரி 31. நிரலாளர்கள் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கிற கிட்லாப் சேவை. இரவு நேரம். இரண்டு தரவுத்தளச் சேர்வர்கள், பெயரில் ஒரு இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். இரண்டாவதைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியியலாளர் அதிலுள்ள வெறும் கோப்புறை என்று நினைத்து அழித்தது, முதலாவதில் இருந்த உண்மையான தரவை. ஒன்றிரண்டு செக்கனில் உணர்ந்து நிறுத்தினார். ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டும் மிச்சம். ஒழுங்காக எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பக்அப்புகளைத் தேடினால், பல நாளாகவே தோற்றுப்போயிருந்தன. அந்தத் தோல்வியை அறிவிக்கவேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் அதே பொறியியலாளர் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. இடையில் இருந்த ஆறு மணித்தியாலத் தரவு திரும்பவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். பிக்சாரில் பிளக்கைக் கழட்ட ஓடுவதற்கு ஒரு அறை இருந்தது. கிட்லாப் பொறியியலாளருக்கு அப்படி ஒரு அறை இல்லை. எந்தச் சேர்வருக்குள் போனாலும் அதே கறுப்புத் திரை, அதே எழுத்து. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைச் சொல்வது வரியின் தொடக்கத்தில் வருகிற ஒரு சின்னப் பெயர்தான். நடுச்சாமத்தில், அவசரத்தில், கண் அதை வாசிக்காமல் தாண்டிவிடும்.

அதற்குப் பிறகு கிட்லாப் நடந்துகொண்ட விதம் முக்கியமானது. மீட்கிற வேலையை நேரலையில் காட்டினார்கள். நடந்ததை விரிவாக எழுதி வெளியிட்ட அறிக்கையில் அந்தப் பொறியியலாளரின் பெயரைப் போடவில்லை. ஒவ்வொரு சேர்வரையும் திரையிலேயே பிரித்தறியத் தொடக்க வரியை மாற்றுவதாக எழுதினார்கள். பக்அப் ஏன் தோற்றது, ஏன் ஒருத்தரும் கவனிக்கவில்லை என்பதுதான் அறிக்கையின் பெரும்பகுதி.

பிழையால் எழுதின சட்டம்

கணினியின் முழுக் கோப்பு மரத்தையும் வேரோடு அழிக்கச் சொன்னால், லினக்ஸில் உள்ள ஆர்எம் இன்று மறுத்துவிடும். அந்த மறுப்பு வழமையானது 2006 இல். முதல் கையேட்டிலிருந்து 35 வருசம்! அதுகூட முழுப் பூட்டு இல்லை. 2015 ஜனவரியில், ஸ்டீம் விளையாட்டு நிரலின் லினக்ஸ் வடிவத்தில் ஒரு கோப்புறைப் பெயர் வெறுமையாகிப்போக, பாவித்தவர்களின் சொந்தக் கோப்புகள் அழிந்தன. வேரை அழி என்று நேரே சொல்லாமல், வேருக்குக் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக அழி என்று கட்டளை போனதால் அந்த மறுப்பு வேலை செய்யவில்லை.

ஆர்எம் ஒவ்வொரு முறையும் கேட்கவேணும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆயிரம் கோப்புக்கு ஆயிரம் கேள்வி கேட்டால், வாசிக்காமலே 'ஓம்' என்று அடிக்கத் தொடங்குவோம். கட்டளையின் அமைதிக்கும் வேகத்துக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அமைதி ஒரு அறைக்காக உருவானது. அறை போனபிறகும் அதை வைத்திருப்பதென்றால், அறை செய்த வேலையை வேறு யாராவது செய்யவேணும்: வேறொரு இடத்தில் ஒரு பிரதி, அந்தப் பிரதியைத் திறந்து பார்க்கிற ஒருத்தர், எந்தச் சேர்வரில் நிற்கிறோம் என்று கத்திச் சொல்கிற ஒரு நிறம், இரவில் தனியாக விடப்படாத ஒரு வேலையாள். இதெல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. பிழை நடந்ததும் கடைசியாக என்டரைத் தட்டின விரலைத் தேடிப் பிடிப்பது சுலபம். அடுத்த பிழையை அது தடுக்காது.

இந்த வேலைக்குப் போகிற நண்பர்களுக்கு, கட்டளைகளின் வரலாற்றிலிருந்து ஒரு சின்னப் பழக்கம்: முதலில் எந்தக் கணினி என்று பாருங்கோ, பிறகு எல்எஸ் போட்டு என்ன இருக்கிறது என்று பாருங்கோ, அதற்குப் பிறகு ஆர்எம். வேலைக்குச் சேருகிற முதல் கிழமையிலேயே பொறுப்பாளரிடம் ஒண்டு கேளுங்கோ: "பக்அப்பில இருந்து கடைசியா எப்ப திருப்பி எடுத்துப் பார்த்தனீங்கள்?" எடுத்து வைத்தது எப்ப என்று இல்லை, திருப்பி எடுத்துப் பார்த்தது எப்ப என்று.