மடங்கு

'விலை இருமடங்கு ஆகிவிட்டது' என்கிறோம். கணக்கில் வரும் இந்த மடங்கும், முழங்கால் மடங்குகிறது என்னும்போது வரும் வினையும் ஒரே வடிவம். தானாக வளைந்தால் மடங்குதல், நாமாக வளைத்தால் மடக்குதல். குடையை மடக்குகிறோம், வேட்டியையும் வெற்றிலையையும் மடிக்கிறோம்.

ஒரு தாளை மடித்தால் இரண்டு அடுக்கு. மறுபடி மடித்தால் நான்கு, பத்தாம் மடிப்பில் 1,024. மடிப்புக்கும் பெருக்கலுக்கும் உள்ள உறவைக் கையே உணர்ந்துவிடும். லாகரிதத்துக்கு 'மடக்கை' என்ற கலைச்சொல் அமைந்தது எவ்வளவு பொருத்தம்! 1,024 அடுக்கு வர எத்தனை முறை மடக்க வேண்டும்? பத்து. 2-ஐ அடிமானமாகக் கொண்டால் 1,024-இன் மடக்கை அந்தப் பத்துதான்.

கணக்குக்கு வெளியேயும் மடிப்பு உண்டு. செய்யுளில் வந்த சொல்லே வேறு பொருளில் திரும்ப வருவது மடக்கணி. உயிரியலில் புரத மடிப்பு என்கிறார்கள்: அமினோ அமிலச் சங்கிலி உரிய வடிவில் மடிந்தால்தான் பெரும்பாலான புரதங்கள் வேலை செய்யும்.

மறுபடி தாள் மடிப்புக்கு வந்தால், தண்டலம் சுந்தர ராவை நினைக்காமல் இருக்க முடியாது. தாளை மடித்தே வடிவியல் கற்பிக்கும் அவருடைய ஆங்கில நூல் 1893-இல் சென்னையில் வெளிவந்தது. சதுரத்தில் தொடங்கி, சமபக்க முக்கோணம், ஐங்கோணம் என்று வளர்வது அது. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட்டார். 1901-இல் சிகாகோவில் அமெரிக்கப் பதிப்பும் வந்தது. நம் கணித ஆசிரியர்கள் அந்த நூலைத் தேடி எடுத்து, மாணவர் கையில் ஆளுக்கொரு தாள் கொடுக்க வேண்டும்.