இருபத்தொரு வயதின் துணிவும் முப்பத்தாறு வயதின் தயக்கமும்

வயது ஏற ஏறத் தன்னம்பிக்கையும் ஏறும் என்பது பொதுவான எண்ணம். உளவியலாரின் தரவுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. உல்ரிச் ஆர்த்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 331 மாதிரித் தொகுதிகளில் 1,60,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய நெடுங்காலத் தரவுகளை ஒன்றுதிரட்டியது. அதன்படி சுயமதிப்பு குழந்தைப் பருவத்தில் உயர்கிறது. பதின்பருவத்தின் முற்பகுதியில் தேங்குகிறது. 15 முதல் 30 வயது வரை விரைந்து ஏறுகிறது. 60 வயதில் உச்சம் தொட்டு, 70க்குப் பின் மெல்ல இறங்குகிறது.

இந்த வரைகோடு அளப்பது ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் மதிப்பை. ஆய்வுத்துறையில் இருப்போரை அலைக்கழிப்பதோ வேறொன்று: ‘நான் எழுதியிருக்கும் இந்த வாக்கியம் சரிதானா?’ தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வருவதால் இவற்றை நாம் எளிதில் குழப்பிக்கொள்கிறோம். தன்மேல் வைக்கும் நம்பிக்கை வேறு. தன் முடிவின்மேல் வைக்கும் நம்பிக்கை வேறு. இரண்டும் ஒரே திசையில் வளர்வதில்லை. இதற்கு மொழியியலின் வரலாற்றிலேயே தெளிவான சான்று இருக்கிறது: ஃபெர்டினாண்ட் தெ சசூர்.

சசூரை நாம் பெரும்பாலும் குறி, குறிப்பான், குறிப்பீடு என்ற பாடத்தின் வழியாகவே அறிவோம். அமைப்பியலின் தந்தை என்ற பட்டத்தோடு அவர் நம் வகுப்பறைக்குள் வருகிறார். ஆனால் அந்தப் பட்டத்துக்குக் காரணமான நூலை அவர் எழுதவில்லை. அது வெளிவந்தபோது அவர் உயிரோடும் இல்லை. அவர் தாமே முழுமையாக எழுதி அச்சிட்ட பெருநூல் ஒன்றே ஒன்று. அதை வெளியிட்டபோது அவருக்கு 21 வயது.

1857இல் ஜெனீவாவில் அறிவியலாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். 16 வயதளவில், கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் ஆகிய மொழிகளின் சொற்களையெல்லாம் ஒருசில வேர்களுக்குள் அடக்கிவிடலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதைக் குடும்ப நண்பரும் முதுபெரும் மொழியறிஞருமான அதோல்ஃப் பிக்தேவுக்கு அனுப்பினார். பிக்தே பரிவோடு பதில் எழுதினார். ஆனால் அந்தக் கோட்பாட்டை ஊக்குவிக்கவில்லை. மொழிகள் அனைத்தையும் தழுவும் கோட்பாடுகளிலிருந்து அந்தப் பதில் தம்மை விலக்கி அமைதிப்படுத்தியதாகப் பிற்காலத்தில் சசூர் நினைவுகூர்ந்தார். முடிவின்மேல் வைத்த நம்பிக்கை முதன்முதலில் அடிவாங்கிய இடம் அது.

அடுத்த நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. பள்ளியில் கிரேக்கம் படிக்கும்போதே, சில வினைமுற்றுகளில் மூக்கொலி நிற்க வேண்டிய இடத்தில் ‘அ’ நிற்பதை அவர் கவனித்தார். இரு மெய்களுக்கு நடுவே அகப்பட்ட மூக்கொலி ஒரு காலத்தில் உயிரொலியைப் போல அசையைத் தாங்கியிருக்க வேண்டும். அதுவே பின்னர் ‘அ’ ஆயிற்று என்று ஊகித்தார். இது ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தியாகத்தான் இருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டார். 1876இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, கார்ல் ப்ரூக்மான் அதே முடிவை வெளியிட்டிருப்பதையும் அறிஞர்கள் அதைப் பெருங்கண்டுபிடிப்பாகப் பேசுவதையும் கண்டார். முதல் முறை தகுதிக்கு மீறி நம்பினார். இரண்டாம் முறை தகுதிக்குக் குறைவாக நம்பினார். இரண்டும் அவர் இருபது வயதைத் தொடுவதற்கு முன்பே நடந்தவை.

1878 டிசம்பரில், 1879 என்ற ஆண்டுக் குறிப்புடன், இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தொன்மையான உயிரொலி அமைப்பைப் பற்றிய அவருடைய ஆய்வுநூல் வெளிவந்தது. அதன் துணிவு எத்தகையது என்பதைச் சமஸ்கிருத இலக்கணம் அறிந்தவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஏழாம் கண வினையான ‘யுஜ்’, ‘யுனக்தி’ என்று வரும்: வேரின் இறுதி மெய்க்கு முன்னால் ‘ன’ நுழைகிறது. ஒன்பதாம் கண வினையான ‘பூ’, ‘புனாதி’ என்று வரும். இரண்டும் வெவ்வேறு கணங்கள் என்றே இலக்கணம் வகுத்திருந்தது. சசூர் இரண்டும் ஒன்றே என்றார். ‘பூ’ என்ற வேரின் இறுதியிலும் ஓர் ஒலி இருந்து மறைந்திருக்க வேண்டும். அதற்கு முன்னாலும் ‘ன’ நுழைந்தது. பின்னர் அவ்வொலி மறைந்து, முன்னிருந்த உயிரை நெடிலாக்கியது. அதனால்தான் ‘புனாதி’யில் ‘னா’ நெடிலாக நிற்கிறது என்பது அவர் விளக்கம்.

அந்த ஒலி, அன்று அறியப்பட்டிருந்த எந்த இந்தோ-ஐரோப்பிய மொழியிலும் அந்த வடிவில் இல்லை. காதால் கேட்டவர் இல்லை. கல்வெட்டில் கண்டவர் இல்லை. அமைப்பு ஒழுங்காக இருக்க வேண்டுமானால் அது இருந்தே ஆகவேண்டும் என்ற ஏரணம் ஒன்றே அதற்குச் சான்று. 21 வயது இளைஞர் ஒருவர், சான்றில்லாத ஒலியை அமைப்பின் பெயரால் நிறுவ முன்வந்தார். தன் முடிவின்மேல் வைக்கும் நம்பிக்கைக்கு இதைவிடத் தூய வடிவம் கிடைப்பது அரிது.

ஜெர்மானிய அறிஞர் உலகம் அதை அன்போடு வரவேற்கவில்லை. ஹெர்மான் ஓஸ்ட்ஹோஃப் கடுமையாக மறுத்தார். டேனிய அறிஞர் ஹெர்மான் மோலர் போன்ற ஒருசிலரே அக்கருத்தை எடுத்து வளர்த்தனர். சமஸ்கிருதத்தில் ஆறாம் வேற்றுமைத் தனிநிலைத் தொடர்களைப் பற்றிய ஆய்வுக்கு 1880இல் முனைவர் பட்டம் பெற்று, 1881 முதல் பத்தாண்டுகள் பாரிஸில் கற்பித்த சசூர், 1891இல் ஜெனீவாவுக்குத் திரும்பினார். அதன்பின் அவர் எழுத்து மெலிந்துகொண்டே போயிற்று. வாழ்நாளில் அவர் அச்சிட்டவை 1922இல் ஒரே தொகுதியாக வெளிவந்தன. அதில் பாதிக்கு மேற்பட்ட பக்கங்கள் அவர் 24 வயதுக்குள் எழுதி வெளியிட்டவை.

1894 ஜனவரியில் தம் மாணவராக இருந்த ஆன்ட்வான் மெய்யேவுக்கு அவர் எழுதிய கடிதம் இந்த மௌனத்துக்கு ஒரு திறவுகோல். மொழியின் மெய்ம்மைகளைப் பற்றிப் பொருளுடைய பத்து வரிகளை எழுதுவதுகூடக் கடினமாக இருப்பதால் எல்லாவற்றிலும் சலிப்பு ஏற்பட்டுவிட்டது என்ற கருத்தை அதில் சொல்கிறார். வழக்கிலிருக்கும் கலைச்சொற்கள் எதற்கும் தெளிவான பொருள் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவற்றைச் சீர்செய்யாமல் மேலே எழுதவும் இயலவில்லை. அப்போது அவருக்கு வயது 36. அதே ஆண்டு, அமெரிக்கச் சமஸ்கிருத அறிஞர் விட்னி மறைந்தபோது அவரைப் பற்றி எழுதுமாறு அழைப்பு வந்தது. சசூர் பக்கம் பக்கமாக எழுதினார். முடிக்கவில்லை, அனுப்பவும் இல்லை.

இதைத் தன்னம்பிக்கையின் வீழ்ச்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 21 வயதில் அவர் ‘உயிரொலி’, ‘வேர்’, ‘ஒலி’ என்ற சொற்களைத் தம் துறை தந்த பொருளிலேயே எடுத்துக்கொண்டு, அவற்றின்மேல் ஒரு கட்டடம் எழுப்பினார். 36 வயதில் அவர் ஐயுற்றது அந்த அடித்தளத்தை. முன்பு கேட்டது ‘இந்த ஒலி இருந்ததா?’ என்ற கேள்வி. இப்போது கேட்பது ‘ஒலி என்று நாம் எதைச் சொல்கிறோம்?’ என்ற கேள்வி. கேள்வி ஆழமாகும்போது விடையின் உறுதி குறைவது இயல்பு. தம் அறிவின்மேல் நம்பிக்கை இழந்த ஒருவர், துறையின் கலைச்சொற்கள் முழுவதும் தவறாக இருக்கின்றன என்று சொல்லத் துணியமாட்டார். அந்தக் கடிதத்தின் தயக்கத்துக்குள் முந்தைய நூலின் துணிவைவிடப் பெரிய துணிவு இருக்கிறது. குறைந்தது, முடிவுகளின்மேல் இருந்த நம்பிக்கை மட்டுமே.

1906 முதல் சில ஆண்டுகள் அவரை ஆட்கொண்ட இன்னொரு தேடலும் இதையே காட்டுகிறது. பழைய லத்தீன் செய்யுள்களில் தெய்வங்களின், தலைவர்களின் பெயர்கள் ஒலிகளாகச் சிதறி மறைந்து கிடக்கின்றன என்று கருதி, நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். அது கவிஞர்கள் அறிந்து செய்ததா, தற்செயலா என்ற கேள்விக்கு விடை வேண்டி, லத்தீனில் கவிதை எழுதிவந்த இத்தாலியக் கவிஞர் ஜொவான்னி பாஸ்கோலிக்கு 1909இல் எழுதினார். இரண்டாம் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆய்வை நிறுத்திவிட்டார், ஒரு வரியும் வெளியிடவில்லை. சான்றில்லாத ஒலியை நிறுவிய இளைஞர், நோட்டுகள் நிறையச் சான்று வைத்திருந்தும் வாய் திறக்காத ஐம்பது வயதினராகியிருந்தார்.

அக்காலத்தில்தான், 1907க்கும் 1911க்கும் இடையில், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களுக்குப் பொதுமொழியியல் பற்றி மூன்று முறை பாடம் நடத்தினார். 1911இல் லெயோபோல் கொத்தியே என்ற மாணவரிடம் தம் இக்கட்டைச் சொன்னதாகக் குறிப்பு உண்டு: பொருளின் சிக்கல் முழுவதையும் தம் ஐயங்களோடு முன்வைத்தால் அது தேர்வெழுதும் மாணவர்களுக்கான பாடமாகாது, எளிமைப்படுத்தினால் உண்மைக்குக் குறைவாகிவிடும். 1913இல், 55 வயதில், அவர் மறைந்தார். அந்த வகுப்புகளில் அமர்ந்திராத சார்ல் பாயியும் அல்பேர் செஷேயேவும் மாணவர் குறிப்புகளிலிருந்து 1916இல் நூலைத் தொகுத்தனர். ஆசிரியர் சொல்லத் தயங்கியவை நூலில் உறுதியான வரையறைகளாயின. நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்த சசூர், ஐயங்கள் பெருமளவு நீக்கப்பட்ட சசூர். 1996இல் குடும்ப மாளிகையில் கிடைத்து, 2002இல் வெளியான அவருடைய கையெழுத்துப் படிகளில் அந்த ஐயங்கள் மீண்டும் கண்ணில் படுகின்றன.

இளமைத் துணிவு என்ன ஆயிற்று? முதல் உலகப் போர்க் காலத்தில் பெட்ரிக் ஹ்ரோஸ்னி ஹிட்டைட் மொழியைப் படித்தறிந்து, அது இந்தோ-ஐரோப்பிய மொழி என்று காட்டினார். 1927இல் போலந்து அறிஞர் யெஷி குரிவோவிச், சசூர் ஊகித்த மறைந்த ஒலிகளுள் ஒன்று நிற்க வேண்டிய இடங்களில் ஹிட்டைட்டில் ஹகரத்தை ஒத்த ஒலி நிற்பதை எடுத்துக்காட்டினார். சமஸ்கிருதத்தில் காத்தலைக் குறிக்கும் ‘பா’ என்ற வேர் நெடிலோடு நிற்க, ஹிட்டைட்டில் அதே பொருளில் ‘பஹ்ஸ்’ என்று வருவது போன்றவை இதற்குச் சான்று. 21 வயது இளைஞர் சொன்னது அடிப்படையில் சரியாக இருந்தது. அதைக் காண அவர் இல்லை.

இங்கே நாம் ஓர் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். தயக்கத்தைப் போற்றுவது எளிது. அதற்கு ஒரு விலை உண்டு. சசூர் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பேராசிரியர் பதவி இருந்தது. அவர் மௌனத்தைச் சோறு தாங்கியது. ஐந்தாண்டு உதவித்தொகையின் கடைசி ஆண்டில் நிற்கும் ஆய்வு மாணவருக்கு அந்த மௌனம் கட்டுப்படியாகாது. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் தயங்கினால் அதை ஆழம் என்று யாரும் சொல்வதில்லை. ‘தெரியவில்லை’ என்றே குறித்துக்கொள்கிறார்கள். ஆகவே, ஐயத்தை விட்டுவிடாமலும் மௌனத்தில் விழாமலும் எழுத வழியுண்டா என்பதே நமக்கு உரிய கேள்வி.

இதற்கு நம் நாட்டு மொழிகளின் ஆய்விலேயே ஒரு விடை கிடைக்கிறது. மர்ரே எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடர், கோத்தர் முதலியோரின் மொழிகளைக் களத்தில் கேட்டுப் பதிந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் சமஸ்கிருதப் பேராசிரியர் தாமஸ் பரோவோடு இணைந்து அவர் 1961இல் திராவிட வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார். பதிவுகள் தமிழில் தொடங்கி மற்ற திராவிட மொழிகளுக்கு நகரும். இனச்சொற்கள் அடுக்கப்பட்டிருக்கும், ஆனால் மூலத்திராவிட வடிவம் தரப்பட்டிராது. மீட்டுருவாக்கம் தெரியாததால் அப்படி விடவில்லை; இருவரும் அத்துறையில் தேர்ந்தவர்கள். எது உறுதியோ அதை அச்சிட்டு, எது இன்னும் உறுதியாகவில்லையோ அதற்கு இடம் விட்டார்கள். தயக்கமே நூலின் முறையியலாக அமைந்தது. 1968இல் பிற்சேர்க்கையும் 1984இல் திருத்திய இரண்டாம் பதிப்பும் வந்தன. அந்த ஆண்டு எமனோவுக்கு 80 வயது, பரோவுக்கு 75. முப்பதுகளில் களத்தில் திரட்டிய தோடர் மொழிக்கு எமனோ எழுதிய இலக்கணமும் 1984இல்தான் வெளிவந்தது.

சசூரின் ஐயம் நோட்டுப் புத்தகங்களில் தங்கிவிட்டது. எமனோ, பரோ இருவரின் ஐயம் அச்சேறியது; மற்றவர்கள் அதன்மேல் வேலை செய்ய முடிந்தது. அறிவில் யார் உயர்ந்தவர் என்பது இங்கே பொருட்டில்லை. ஐயத்தைப் பகிர்ந்துகொள்ள ஒருவருக்கு உடனுழைப்பாளரும், திருத்திப் பதிப்பிக்கும் வாய்ப்பும் கிடைத்தன. மற்றவர் தனித்து நின்றார்.

துறைக் கருத்தரங்குகளில் முதலாண்டு மாணவர் உறுதியோடு பேசுவதையும், நான்காம் ஆண்டு மாணவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘ஆனால்’ சேர்ப்பதையும் அனைவரும் கண்டிருப்போம். பின்னவரைத் தேய்ந்துபோனவர் என்று எண்ணாதிருப்போம். அவரிடம் ‘உன் முடிவு என்ன?’ என்று கேட்பதற்கு முன், ‘எது உறுதி, எது இன்னும் உறுதியில்லை?’ என்று கேட்கலாம். இரண்டாவது பகுதியையும் ஆய்வேட்டில் எழுத இடம் தரலாம். முதலாண்டு மாணவரின் துணிவையும் கிள்ளிவிட வேண்டாம். சான்றில்லாத ஓர் ஒலி 49 ஆண்டுகள் கழித்துக் களிமண் பலகைகளிலிருந்து கேட்டது.

உங்கள் துறைகளிலும் இத்தகைய வாழ்க்கைகள் இருக்கும். வரலாறு, கணிதம், இசை எதுவாயினும், இளமையில் துணிந்து பின்னர் தயங்கியவர்களையும், தயங்கியபடியே முதுமையில் எழுதி முடித்தவர்களையும் அறிந்திருந்தால் எழுதுங்கள், சேர்த்துப் படிப்போம்.