எட்டாவது யூனிட்

இன்ஜினியரிங் படித்த யாரிடமாவது 'இ.வி.எஸ்.' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். முந்தின நாள் ராத்திரி படித்து பாஸ் பண்ணுகிற பேப்பர். அதை நமக்கு வைத்தது எந்தப் பேராசிரியரும் இல்லை, உச்ச நீதிமன்றம்.

வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பாடமாக வேண்டும். வானொலியும் தூர்தர்ஷனும் நேரம் ஒதுக்க வேண்டும். (சினிமா தியேட்டர்கள் ஸ்லைடு போடாவிட்டால் லைசென்ஸுக்கே ஆபத்து!) பாடம் மட்டும் சரியாக வந்து சேரவில்லை. மேத்தா மறுபடி கோர்ட்டுக்குப் போனார். 2003 டிசம்பரில் இன்னொரு உத்தரவு. அதன் பிறகுதான் யுஜிசியின் ஆறு மாதப் பாடத்திட்டம் எல்லா இளநிலைப் படிப்புகளுக்குள்ளும் நுழைந்தது.

அந்தப் பாடத்திட்டம் உண்மையில் நல்லது. எட்டு யூனிட், 50 வகுப்புகள். அதில் எட்டாவது யூனிட் முழுக்க வெளியே: பக்கத்து ஆற்றையோ காட்டையோ பார், மாசுபட்ட இடத்துக்குப் போ, செடி, பூச்சி, பறவைகளைக் கவனி. ஐந்து வகுப்பு நேரம்தான், ஆனால் நூற்றுக்கு 25 மார்க். வகுப்பறைக்குள் இருந்துகொண்டு படிக்க முடியாத விஷயம் இது என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் கல்லூரியில் நடத்தியவர் கெமிஸ்ட்ரி சார். பாவம், அவருக்கு அது கூடுதல் வேலை. போர்ஷனை முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. வெளியே யாரும் கூட்டிப் போகவில்லை. 'யூட்ரோஃபிகேஷன் என்றால் என்ன?' இரண்டு மார்க் கேள்வி, எல்லோரும் எழுதினோம். ஹாஸ்டல் கழிவுநீர் போய்ச் சேர்ந்த குட்டை, பத்து நிமிஷ நடையில், பச்சைப் பசேலென்று கிடந்தது.