ராட்டினத் திடல்

ஏழாயிரம்பண்ணை உள்ளிட்ட விருதுநகர் வட்டாரத்தில், கோயில் விழாவையொட்டி ராட்டினங்கள் தற்காலிகமாக நிறுவப்படும் வெளி. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சி இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. இதற்கு மாறாக, கலிபோர்னியாவில் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்கா, சவாரிகளைக் கதைக்களங்களுக்குள் அமைத்தது. அங்கே 1995இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் சவாரியில், காத்திருப்போர் வரிசையே பாழடைந்த கோயிலுக்குள் நீள்கிறது. திடலில் அத்தகைய புனைவு இல்லை. அதனால் சூழலே இல்லை என்பது தவறு: சீரியல் விளக்கு, வளையல் கடை, மிளகாய்ப்பொடி தூவிய டெல்லி அப்பளம், முளைப்பாரியும் தீச்சட்டியும் ஏந்திவரும் கூட்டம் எல்லாமே ராட்டினச் சவாரியின் களம்தான். செயற்கைக் குகை கட்டினாலும் இந்த உயிர்ப்பு வராது.

குறை காத்திருக்கும் இடத்தில்தான். டிக்கெட் மேசைக்கும் சுழலும் பெட்டிக்கும் நடுவே பல திடல்களில் ஒரு கயிறுதான் எல்லை. ஏறுபவரும் இறங்குபவரும் அங்கேயே முட்டிக்கொள்கிறார்கள். சில நாளில் பிரிக்கப்படுவதற்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்கப்படுவதுண்டு. ராட்டினத்தையே கழற்றி லாரியில் ஏற்றுபவர்களுக்கு, குழாய்த் தடுப்பும் தென்னங்கீற்றுப் பந்தலும் பெரிய சுமையல்ல. பங்குனி வெயிலில் குழந்தையோடு நிற்பவருக்கு நிழலும், நுழையவும் வெளியேறவும் தனித்தனி வழியும், உயர அளவுக் கோலும் அவசியம்.