திராவிட இயக்கமும் திரைப்படமும்

1940களிலிருந்து திராவிட இயக்கத் தலைவர்கள் நாடகத்தையும் சினிமாவையும் தங்கள் கொள்கைக்கு மேடையாக்கிக்கொண்ட வரலாறு இது. கலைஞர்களை அரசியலுக்கு அழைத்துவந்ததில் காங்கிரஸே முந்தியது. அதன் தலைவர் சத்தியமூர்த்தி, பாடகி கே. பி. சுந்தராம்பாளைப் பிரசார மேடைகளில் பாடவைத்தார். நடிகர் விசுவநாததாஸ் நாடக மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடிச் சிறை சென்றார். ஆனால் அங்கே கலைஞர்கள் தலைவர்களுக்குத் துணை நின்றவர்கள். திராவிட இயக்கத்திலோ தலைவர்களே பேனா பிடித்தார்கள், வேடமும் கட்டினார்கள்.

பெரியாருக்குச் சினிமா மீது நல்லெண்ணம் இருந்ததில்லை. அண்ணா வேறு விதமாக நினைத்தார். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலம் அது. பத்திரிகை எட்டாத இடத்தை நாடகக் கொட்டகை எட்டியது. ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் அண்ணா காகபட்டராக நடித்தார். அதில் சிவாஜியாக நடித்த கணேசனுக்குப் பெரியார் சூட்டிய ‘சிவாஜி’ என்ற பெயர்தான் பின்னாளில் நிலைத்தது. 1949இல் தி.மு.க. தொடங்கப்பட்ட அதே ஆண்டில் அண்ணாவின் ‘நல்லதம்பி’, ‘வேலைக்காரி’ இரண்டும் படங்களாக வந்தன.

திருப்புமுனை ‘பராசக்தி’ (1952). கதை, பர்மாவிலிருந்து திரும்பும் அண்ணனும் மதுரையில் விதவையாகித் தவிக்கும் தங்கையும் பற்றியது. கோயிலில் பூசாரி அவளிடம் அத்துமீறுகிறான். இறுதியில் நீதிமன்றக் கூண்டில் நிற்கும் அண்ணன் குணசேகரன் தன் குற்றங்களை மறுக்காமல், அவற்றுக்குக் காரணமான சமூகத்தையே குற்றவாளியாக்கிப் பேசுகிறான். மு. கருணாநிதி எழுதிய அந்த வசனம் பொதுக்கூட்டச் சொற்பொழிவின் ஏற்ற இறக்கத்தோடு அமைந்தது. படத்தைத் தடைசெய்யக் கோரிக்கை எழுந்தது, தடை வரவில்லை. வசனப் புத்தகங்கள் விற்றன, இளைஞர்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். இயக்கத்துக்குச் சினிமா தந்தவற்றுள் மிகப் பெரியது இந்தப் பேச்சு நடைதான். பொதுக்கூட்டத்துக்கு வராத பெண்களும் அதைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து கேட்டார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. நடிகர் எம். ஆர். ராதாவின் நாடகங்களைக் கட்டுப்படுத்தவே 1954இல் நாடகச் சட்டம் வந்தது என்பது பரவலான கருத்து.

1953இல் தி.மு.க.வில் சேர்ந்த எம்.ஜி.ஆர்., வசனத்தின் இடத்தில் தன் உருவத்தை நிறுத்தினார். ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தைத் தயாரித்த அவரது நிறுவனத்தின் சின்னம், கட்சிக் கொடியை ஆணும் பெண்ணும் ஏந்தி நிற்பது. படம் தொடங்குமுன்பே கொடி திரையில் ஏறிவிடும். 1967 ஜனவரியில் எம். ஆர். ராதா அவரைச் சுட்டார். கழுத்தில் கட்டோடு மருத்துவமனைக் கட்டிலில் இருந்த எம்.ஜி.ஆரின் படம் தேர்தல் சுவரொட்டியானது. பிரசாரத்துக்குப் போகாமலே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அந்தத் தேர்தலில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அதற்குத் திரைப்புகழ் மட்டுமே காரணம் என்பது தவறு: அரிசித் தட்டுப்பாடும் 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் மக்களைக் காங்கிரஸிடமிருந்து விலக்கியிருந்தன.

1972இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., அ.தி.மு.க.வைத் தொடங்கி 1977இல் முதலமைச்சரானார். அதோடு புதிய படங்களில் நடிப்பதை நிறுத்தினார். கருணாநிதி பேனாவைக் கீழே வைக்கவில்லை. 2011இல் முதலமைச்சராக இருந்தபோதும் அவர் எழுதிய ‘பொன்னர் சங்கர்’ திரைக்கு வந்தது.